ஜாபிதாவில் பெயர் உண்டா?

பாவில் ஓர் இழை அறுந்துபோனால் ஆரணி நெசவாளி தறியை நிறுத்திவிடுகிறார். அறுந்த முனைகள் இரண்டையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகே நாடா மறுபடியும் ஓடத் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான இழைகளில் இது ஒன்றுதானே என்று அலட்சியமாய் விட்டுவிட்டால், அறுந்த இடத்தில் விழுந்த கோடு முந்தி வரையில் கூடவே வரும். ஜரிகையும் பூவேலையும் எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருந்தாலும், வியாபாரியின் கண் முதலில் போய் நிற்பது அந்தக் கோட்டின் மேல்தான்.

நமது தேசத்தின் தேர்தல் ஏற்பாடுகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கோடு நமக்கு ஞாபகம் வருகிறது. ஓட்டுப் பெட்டியை நாம் எத்தனையோ விதமாக மாற்றிப் புதுப்பித்துவிட்டோம். யந்திரம் வந்தது, யந்திரத்துக்குச் சாட்சி சொல்ல மற்றொரு யந்திரமும் வந்தது. ஆனால் அந்த யந்திரத்தின் முன்னால் வந்து நிற்க வேண்டிய மனிதரின் பெயர் வாக்காளர் ஜாபிதாவில் இருக்கிறதா என்னும் விஷயத்தில் நம்மில் பலர் போதிய கவலை எடுத்துக்கொள்வதில்லை. முக்கியமாக, பதினெட்டு வயதை எட்டிப் பிடிக்கும் பிள்ளைகள் விஷயத்தில்.

கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை ஜில்லாவில் இருக்கும் ஆரணியைப் பற்றி நமது வாசகர்களுக்கு, அதிலும் வாசகிகளுக்கு, நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆரணிப் பட்டும் ஆரணி அரிசியும் நுழையாத வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். ஆரணியில் நெய்த சேலை வேறோர் ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டு கடைக் கண்ணாடிக்குள் தொங்குவதும் உண்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததனால் சரக்குக்கு அதன் சொந்தப் பெயர் சட்டப்படி நிலைத்தது. சரக்கின் பெயருக்குச் செய்துகொண்ட இந்தக் காரியத்தைத்தான் நெய்கிறவர்களின் பிள்ளைகளுடைய பெயருக்கும் செய்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

தொகுதி எல்லைகளைத் திருத்தி அமைத்தபோது ஆரணி ஒரு லோக்சபைத் தொகுதியாயிற்று. போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் ஆகிய ஆறு சட்டசபைத் தொகுதிகள் அதில் அடக்கம். 2009, 2014, 2019, 2024 ஆகிய நாலு லோக்சபைத் தேர்தல்களை இத்தொகுதி கண்டிருக்கிறது. 2024-இல் ஜாபிதாவில் உள்ள நூறு பேரில் எழுபத்தைந்து பேருக்கு மேல் சாவடிக்கு வந்து ஓட்டளித்தார்கள். வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்தில் இது சாமானிய விஷயமல்ல. ஆனால் இந்தக் கணக்கு ஜாபிதாவில் பெயர் இருப்பவர்களை மட்டுமே வைத்துப் போட்ட கணக்கு. ஜாபிதாவில் ஏறாதவர் வந்தவரும் அல்ல, வராதவரும் அல்ல, கணக்கிலேயே சேராதவர்.

அப்படிச் சேராமற்போவது எவ்வளவு சுலபம் என்பதற்குக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று சொல்கிறோம். 1998-ஆம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி ஆரணியில் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தை வளர்ந்து 2016 ஜனவரி 2-ந் தேதி பதினெட்டு வயது பூர்த்தி அடைகிறது. அதே வருஷம் மே மாதம் 16-ந் தேதி தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல். ஓட்டுப் போடலாமா? கூடாது. ஏனென்றால் ஜனவரி முதல் தேதியன்று பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் அப்போதிருந்த விதி. ஒரே ஒரு நாள் பிந்திப் பிறந்த குற்றத்துக்காக அந்த வருஷ ஜாபிதாவில் இடமில்லை. பிறகு உள்ளாட்சித் தேர்தலாவது வந்ததா என்றால், அதுவும் தள்ளிப்போயிற்று. ஆகவே அந்தப் பிள்ளை முதன் முதலாக ஓட்டுப் போடக்கூடிய நாள் 2019 ஏப்ரல் 18-ந் தேதி. அப்போது வயது இருபத்தொன்று!

இருபத்தொன்று என்பது 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சாசனம் ஆதியில் விதித்திருந்த வயது. அதைப் பதினெட்டாகக் குறைப்பதற்காகப் பார்லிமெண்டு 61-வது திருத்தத்தை நிறைவேற்றி, 1989 மார்ச்சு 28 முதல் அமுலாக்கியது. ஆனால் ஜனவரி முதல் தேதி என்னும் ஒற்றைக் கதவை மட்டும் அப்படியே வைத்திருந்ததனால், சாசனம் கொடுத்த மூன்று வருஷங்களைப் பஞ்சாங்கம் பிடுங்கிக்கொண்டது.

இந்த அநியாயத்துக்கு ஒரு பரிகாரம் பிறக்க 2021-ஆம் வருஷம் வரையில் ஆயிற்று. அவ்வருஷம் தேர்தல் சட்டங்களைத் திருத்தி, ஒரு தேதிக்குப் பதிலாக ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நாலு தேதிகளை ஏற்படுத்தினார்கள். 2022 ஆகஸ்டு முதல் தேதி இது அமுலுக்கு வந்தது. அதைவிட முக்கியமான மற்றொரு சௌகரியத்தையும் தேர்தல் கமிஷன் அதே சமயத்தில் செய்தது. பதினேழு வயது நிறைந்தவர்கள் பதினெட்டு ஆகும் வரையில் காத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே மனுக் கொடுத்து வைத்துவிடலாம். பதினெட்டு நிறைந்த பின் வரும் முதல் தவணைத் தேதியை ஒட்டி மனுவைப் பரிசீலித்துப் பெயரை ஜாபிதாவில் ஏற்றுவார்கள். பிறகு அடையாள அட்டை வீடு வந்து சேரும். மனுவுக்குப் பெயர் படிவம் 6. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று ஒவ்வொரு சாவடிக்கும் ஓர் உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டிருக்கிறார். பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருப்பார். அவரிடமும் மனுவைக் கொடுக்கலாம். கைத்தொலைபேசி மூலமும் அனுப்பலாம். செலவு காலணாக்கூட இல்லை.

இவ்வளவு இருந்தும் பலன் போதாது. 2024 லோக்சபைத் தேர்தல் சமயத்தில் தேசம் முழுவதிலும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஜாபிதாவில் இடம் பெற்றவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்குச் சற்று மேல் என்று தேர்தல் கமிஷன் தெரிவித்தது. அந்த வயதுப் பிள்ளைகள் நாட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட இழைகள் பாவிலே ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? "பையனுக்கு அக்கறையில்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நாம் அதை முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. நெசவாளர் குடும்பத்தின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். கூலிக்கு நெய்கிறவருக்குத் தறி நின்றால் கூலி நின்றது. தாலுகா ஆபீசுக்கு ஒரு தரம் போய், "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா" என்ற பதிலைப் பெற்றுத் திரும்பினால், அன்றையச் சாப்பாட்டுக் காசில் துண்டு விழும். குடியிருப்பதோ வாடகை வீடு. தறிக் குழி வெட்டுவதற்குச் சம்மதிக்கும் வீட்டுக்காரரைத் தேடித் தெருத் தெருவாக மாற வேண்டியிருக்கிறது. பட்டுத் தொழில் மந்தமானால் காஞ்சீபுரமோ பெங்களூரோ போக வேண்டியதுதான். போன இடத்தில் பெயரில்லை. இருந்த இடத்தில் ஆளில்லை என்று பெயரை எடுத்துவிடுகிறார்கள். பையன் கல்லூரிக்கென்று வேலூரிலோ சென்னையிலோ தங்கினால் எந்த ஊர் விலாசத்தைக் கொடுப்பது என்ற குழப்பம் வேறு. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்ட விரோதம். ஆனால் ஊர் மாறினால் படிவம் 8 கொடுத்துப் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது எத்தனை வீடுகளில் தெரியும்?

2025 நவம்பர் 4-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் படிவம் கொடுத்துச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடத்தினார்கள். டிசம்பர் 19-ந் தேதி வெளிவந்த நகல் ஜாபிதாவில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு, வீடு மாறியவர் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இறந்தவரின் பெயரை எடுப்பது சரியே. பரலோகத்திலிருந்து வந்து ஓட்டுப் போடும் புண்ணியாத்மாக்களைப் பற்றி நாம் கேள்விப்படாமலில்லை. ஆனால் பிழைப்புக்காக வீடு மாறியவரும் இறந்தவரும் ஒரே பேரேட்டில் கழிக்கப்படுவது ஏழைகள் விஷயத்தில் பெரிய ஆபத்து. நெசவுத் தொழிலாளர்களைப் போல் இடம் பெயரும் ஜனங்களே இதில் முதலில் அடிபடுகிறவர்கள்.

ஜாபிதா என்பது ஆதிகாலம் தொட்டே இப்படித்தான். யாரைச் சேர்ப்பது என்பதைவிட யாரை வெளியே நிறுத்துவது என்பதிலேயே அது அதிக ஞாபகமாக இருந்து வந்திருக்கிறது. ஆரணியிலிருந்து ஒரு காலைப் பிரயாண தூரத்தில் இருக்கும் உத்தரமேரூரின் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே என்று நாம் பெருமை கொள்வது நியாயந்தான். ஆனால் குடத்தில் இடப்பட்ட ஓலைகள் யாருடையவை? சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், வேதம் கற்றவராய், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் உள்ள ஆண்களுடையவை. குடம் குற்றமற்றது. குடத்துக்குள் போகாத ஓலைகளைப் பற்றி அந்தக் கல் மௌனம் சாதிக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்திலும் அதே கதைதான். 1937-இல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு வர்ணப் பெட்டி. காங்கிரசின் மஞ்சள் பெட்டி அந்த நாளில் பட்டிதொட்டியெல்லாம் பிரசித்தம். ஆனால் 1935-ஆம் வருஷச் சட்டப்படி ஓட்டுரிமை இருந்தது பிரிட்டிஷ் இந்திய ஜனத்தொகையில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மட்டுமே. வரி கட்டுகிறவருக்கும் படித்தவருக்கும் இருந்த உரிமை, குழித்தறியில் கூலிக்கு உட்கார்ந்தவருக்குக் கிட்டவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் ஆரம்பித்து 1952-இல் முடிந்தது. பதினேழு கோடிப் பேருக்கு மேல் ஜாபிதாவில் ஏற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். இந்த மகத்தான காரியத்தைச் செய்து முடித்த முதல் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் ஒரு விசித்திரமான சிக்கலைக் கண்டார். வட மாகாணங்களில் லட்சக்கணக்கான ஸ்திரீகள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொண்டிருந்தார்கள். சென் அதற்கு இணங்கவில்லை. பெயர் கொடுத்தால் ஓட்டு, இல்லாவிட்டால் இல்லை என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் ஸ்திரீகளின் பதிவு நீக்கப்பட்டது. அவர் செய்தது கடுமையான காரியந்தான். ஆயினும், பிற்பாடு வந்த தேர்தல்களில் அந்தப் பெண்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள் என்பதை எண்ணும்போது நாம் சென்னின் பக்கமே சாய்கிறோம்.

இனி பெட்டியின் கதைக்கு வருவோம். 1952-லும் 1957-லும் ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒவ்வொரு பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டிகளுக்குள் ஒன்றில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். 1962 பொதுத் தேர்தல் முதல் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. விரலில் வைக்கும் அழியாத மையும் அவ்வருஷம் முதல் மைசூர்த் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. வெள்ளி நைட்ரேட்டு கலந்த அந்த மை தோலில் பட்டு வெளிச்சம் கண்டதும் கறுத்துவிடும். ஜரிகையில் இருப்பதும் வெள்ளி, விரல் மையில் இருப்பதும் வெள்ளி!

காகிதச் சீட்டின் கதி என்னவாகும் என்பதை 1996-இல் மொடக்குறிச்சி காட்டிற்று. அந்தச் சட்டசபைத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறைகளை உலகறியச் செய்வதற்காகக் கூட்டங்கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, அபேட்சகர்கள் 1,033 பேர் ஆனார்கள். ஓட்டுச் சீட்டைப் புஸ்தகமாக அச்சிட வேண்டி வந்தது. வாக்காளர் பக்கம் பக்கமாகப் புரட்டித் தம் சின்னத்தைத் தேட வேண்டியிருந்தது என்றால் கேட்பானேன்!

யந்திரம் அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டது. 1982 மே 19-ந் தேதி கேரளச் சட்டசபைத் தேர்தலில் பரவூர்த் தொகுதியின் ஐம்பது சாவடிகளில் முதன் முதலாக அதை வைத்தார்கள். சட்டத்தில் "சீட்டு" என்றுதான் இருக்கிறது, "யந்திரம்" என்று இல்லை என்று 1984-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அந்த ஐம்பது சாவடிகளிலும் மறுபடியும் சீட்டுக் கொண்டு தேர்தல் நடத்தினார்கள். 1989-இல் திருத்திய சட்டம் அமுலுக்கு வந்து, பரீட்சைகள் பல நடந்து, 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் யந்திரம் பரவியது. 2004-இல் தேசம் முழுவதும். யந்திரத்தைச் செய்த இரண்டு ஸ்தாபனங்களில் ஒன்று பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அங்கே அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு கொண்டவர் எஸ். ரங்கராஜன் என்ற எஞ்சினீயர். அவரைச் "சுஜாதா" என்ற பெயரில் அறியாத தமிழர் வீடு உண்டோ?

நெசவுக்கும் இந்த விஷயத்துக்கும் இன்னொரு பந்துத்துவம் இருக்கிறது. ஆரணித் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைக் கவனியுங்கள். பட்டு நகரமான பிரான்சு தேசத்து லியோனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்டு என்பவர் அமைத்த உபாயம் அது. துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டால், துளை உள்ள இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் படுத்துக்கிடக்கும். மயிலும் மாங்காயும் தாமே உருவாகும். அமெரிக்காவில் 1890-ஆம் வருஷ ஜனக் கணிதத்தில் ஹோலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு ஜனங்களை எண்ணினார். 1960-களில் அந்நாட்டார் துளை அட்டையை ஓட்டுச் சீட்டாகவே ஆக்கிவிட்டார்கள். வினை 2000-இல் விளைந்தது. புளோரிடா ராஜ்யத்தில் பல அட்டைகளில் துளை முழுவதும் விழாமல் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. அது ஓட்டா இல்லையா என்று உத்தியோகஸ்தர்கள் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாரக் கணக்கில் விவாதித்தார்கள். கடைசியில் 537 ஓட்டு வித்தியாசத்தில் அமெரிக்க ஜனாதிபதி நிச்சயமானார். அட்டையில் ஒரு துளை அடைத்துக்கொண்டால் மயிலின் கழுத்து கோணிப்போகும் என்பதை ஆரணியில் எந்தத் தறிக்காரரும் சொல்லியிருப்பார்.

நமது யந்திரத்தில் துளையில்லை; ஆனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஜெர்மனியில் 2009-இல் அந்நாட்டு அரசியல் சாசனக் கோர்ட்டு, நிபுணரல்லாத சாதாரணப் பிரஜையும் பரிசோதித்து அறியக்கூடியதாகத் தேர்தல் இருக்க வேண்டுமென்று சொல்லி, அப்போதிருந்த யந்திரங்களைத் தள்ளிவிட்டது. நம் நாட்டில் வேறு வழி கண்டார்கள். பொத்தானை அழுத்தியவுடன் சின்னம் அச்சான சிறு காகிதம் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தோன்றி, பிறகு மூடிய பெட்டிக்குள் விழுகிறது. விவிபாட் என்பது அதன் பெயர். 2013 செப்டம்பரில் நாகாலாந்தில் நோக்சென் தொகுதியில் ஆரம்பித்து, அடுத்த மாதம் சுப்ரீம் கோர்ட்டின் கட்டளை பெற்று, 2019-இல் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் காகிதங்களை எண்ணி யந்திரத்தின் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார்கள். எல்லாக் காகிதங்களையும் எண்ண வேண்டும், அல்லது பழைய சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களின் மனுவை 2024 ஏப்ரல் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. ஐந்து போதுமா, ஐம்பது வேண்டுமா என்று விவாதிப்பவர்களை நாம் தேசத் துரோகிகள் என்று சொல்ல மாட்டோம். கணக்குக் கேட்பது பிரஜையின் உரிமை. கணக்குக் காட்டாதவரைக் குடவோலையில் சேர்க்கக்கூடாதென்று உத்தரமேரூர்க் கல்லே சொல்கிறது. ஆனால் 1,033 பேர் கொண்ட புஸ்தகத்துக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்துக்கும் திரும்பிப் போக நமக்கு விருப்பமில்லை.

பணம் கொடுத்து ஓட்டு வாங்கும் வியாதிக்கு எந்த யந்திரமும் மருந்தல்ல என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஆரணிக்குப் பக்கத்து வேலூர்த் தொகுதியில் 2019-இல் பணம் பிடிபட்டு, ஏப்ரல் தேர்தலையே ரத்துச் செய்து ஆகஸ்டு மாதம் நடத்தினார்கள். அது தனி வியாசத்துக்கு உரிய விஷயம்.

யந்திரத்தின் பேரில் கோர்ட்டிலும் பத்திரிகைகளிலும் செலவான சக்தியில் கால் பங்காவது ஜாபிதாவின் பேரில் செலவாகியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். சாவடியில் ஓட்டுப் பிசகினால் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், சாட்சிக் காகிதம் இருக்கிறது, ஹைக்கோர்ட்டில் தேர்தல் வழக்கு இருக்கிறது. ஜாபிதாவில் விட்டுப்போன பெயருக்கு ஓட்டுப் போடும் நாளன்று எந்தப் பரிகாரமும் கிடையாது. மனுத் தாக்கலுக்குரிய கடைசி நாளோடு ஜாபிதாவின் கதவு சாத்தப்படுகிறது. அன்றைக்குப் பிறகு ஆயிரம் அழுதாலும் திறக்காது.

ஆகவேதான் பதினேழு வயதில் மனுக் கொடுக்கும் ஏற்பாட்டை நாம் பெரிதாகப் பாராட்டுகிறோம். பதினேழு வயதில் பிள்ளை அநேகமாக வீட்டிலேயே இருக்கிறான், அல்லது இருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பேரேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. ஆசிரியர் இருக்கிறார், அவரே பல இடங்களில் சாவடி அலுவலராகவும் இருக்கிறார். பதினெட்டுக்குப் பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு திசையில் சிதறிவிடுகிறார்கள். பெண் குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் அதிகம். பிறந்த வீட்டு விலாசத்தில் ஏறுவதற்குள் புகுந்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே மனுக்களை வகுப்பிலேயே வாங்கிவிடலாகாதா? தகப்பனார் தறியை நிறுத்த வேண்டாம். தாயார் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்திருக்க வேண்டாம்.

படிவம் 6-ஐ எடுத்துப் பார்த்தோம். புகைப்படம் ஒட்ட ஓர் இடம், பிறந்த தேதி எழுத ஓர் இடம், விலாசத்துக்கு ஓர் இடம், குடும்பத்தில் ஏற்கெனவே ஜாபிதாவில் உள்ள ஒருவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுத ஓர் இடம். உறவினர் பெயர் என்ற இடத்தில் தகப்பனார் பெயரைத்தான் எழுத வேண்டுமென்பதில்லை. தாயாரின் பெயரையும் எழுதலாம்.